கேட்டன்ஸ்வில்லில் எரிந்த கோப்புகள்: ஒரு நாடகமும் ஒரு வினாவும்

போரை எதிர்ப்பது திருச்சபையின் கடமை என்று ஒப்புக்கொள்ளுகிறவர்களுக்குள்ளும், அவ்வெதிர்ப்பு எம்முறையில் அமையவேண்டும் என்பதில் கருத்தொற்றுமை இல்லை. சட்டத்தை மீறி, அலுவலகத்தின் பணியைக் குலைத்து, அரசின் உடைமையை அழித்து நடத்தப்படும் எதிர்ப்பு, போரை நிறுத்த உதவுமா? அல்லது சமாதானத்தின் பெயருக்கே இழுக்கைத் தேடித்தருமா? இவ்வினாவை ஆராய்வதற்கு, டேனியல் பெரிகன் என்னும் இயேசு சபைக் குரு எழுதி 1970இல் வெளியான ‘கேட்டன்ஸ்வில் ஒன்பதின்மரின் வழக்கு’ என்னும் நாடகம் மிகவும் பொருத்தமானது. அதன் ஆசிரியர் வெளியே நின்று வேடிக்கை பார்த்தவர் அல்லர்; குற்றவாளிக் கூண்டில் நின்ற ஒன்பதின்மரில் ஒருவர்.

நிகழ்ச்சியை முதலில் சுருக்கமாகக் கூறுவோம். 1968 மே 17 அன்று, அமெரிக்காவின் பால்டிமோர் நகரையடுத்த கேட்டன்ஸ்வில்லில், ஆடவர் எழுவரும் பெண்டிர் இருவருமாக ஒன்பது கத்தோலிக்கர் இராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தினுள் நுழைந்தனர். எழுத்தர்கள் தடுத்தும் கேளாமல் 378 கோப்புகளை எடுத்துச்சென்று, வெளியே வாகனங்கள் நிற்கும் இடத்தில் கொட்டி, தாங்களே தயாரித்த நேபாம் கொண்டு எரித்தனர். வியட்நாமில் மனித உடல்களின்மேல் வீசப்பட்ட அதே பொருளை, அமெரிக்க இராணுவக் கையேடு ஒன்றில் கண்ட முறைப்படியே அவர்கள் தயாரித்திருந்தனர். பின்பு கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லிக் காவலர் வரும்வரை அங்கேயே காத்து நின்றனர். அக்டோபரில் விசாரணை நடைபெற்றது. இரண்டு ஆண்டு முதல் மூன்றரை ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

நாடகம் பெரும்பாலும் நீதிமன்றப் பதிவுகளிலிருந்து எடுக்கப்பட்டது. ஆசிரியர் அவற்றைச் சுருக்கி, கவிதைக்குரிய சிறு வரிகளாக அமைத்திருக்கிறார். ஒவ்வொருவரும் தாம் எவ்வழியே இச்செயலுக்கு வந்து சேர்ந்தார் என்பதைச் சாட்சியாகக் கூறுகின்றனர். சிலர் குவாத்தமாலாவில் மிஷனெரிகளாயிருந்து ஏழைகளின் நிலையைக் கண்டவர்கள். ஒருவர் உகாண்டாவில் செவிலியாகப் பணிபுரிந்தவர். பெரிகனோ 1968இன் தொடக்கத்தில், விடுவிக்கப்பட்ட அமெரிக்க விமானிகள் மூவரை அழைத்துவர ஹனோய் சென்று, தம் நாட்டு விமானங்கள் வீசிய குண்டுகளுக்குத் தப்பப் பதுங்குகுழியில் ஒடுங்கியிருந்தவர். இச்சாட்சிகளே நாடகத்தின் வலிமை. நீதிபதியையும் ஆசிரியர் கொடியவராகச் சித்திரிக்கவில்லை. அவர் தம் மனம் நெகிழ்ந்ததை ஒளிக்கவில்லை. எனினும் நல்ல நோக்கம் சட்டமீறலுக்கு விடையாகாது என்று உரைக்கிறார். இறுதியில் குற்றஞ்சாட்டப்பட்டோர் ஜெபிக்க அனுமதி கேட்கின்றனர், அனுமதி கிடைக்கிறது, கர்த்தருடைய ஜெபம் நீதிமன்றத்தில் ஒலிக்கிறது. எதிராளியையும் மனிதனாகக் காணும் இந்நேர்மையை நாம் பாராட்டவேண்டும்.

ஆயினும் அந்நேர்மை எழுத்தர்கள்வரை எட்டவில்லை என்பதே இந்நாடகத்தின்மேல் நாம் கூறும் முதற்குறை. அன்று அவ்வலுவலகத்திலிருந்த பெண்கள் போர்க்கொள்கையை வகுத்தவர்கள் அல்லர். மாதச் சம்பளத்திற்கு உழைத்தவர்கள். அந்நியர் உள்ளே புகுந்து, தங்கள் கையிலுள்ளதைப் பறித்தபோது அவர்கள் அடைந்த அச்சத்திற்கு நாடகம் அளிக்கும் இடம் மிகச் சிறிது. அக்கோப்புகளுக்குரிய இளைஞர்களின் குரலையும் நாம் கேட்பதில்லை. ஒன்பதின்மர் நேபாமின் நெருப்பில் வியட்நாமியப் பிள்ளைகளைக் கண்டனர். ஆனால் மேசையின் மறுபுறத்தில் இருந்தவர்கள் அந்நெருப்பில் எதைக் கண்டனர்? அடையாளச் செயல் ஒன்று பேசுவதாயின், அது யாரிடம் பேசுகிறது என்னும் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது.

இக்குறையை உணர்ந்தவர்களுள் பெரிகனின் நண்பர்களே இருந்தனர். காந்தியடிகளின் அகிம்சைக் கருத்துகளைத் தொகுத்து 1965இல் வெளியிட்ட துறவி தாமஸ் மெர்ட்டன், ஒன்பதின்மரின் நோக்கத்தை மதித்தார். ஆயினும் அச்செயல் வன்முறையின் எல்லையைத் தொட்டது என்றும், ஏற்கெனவே பதற்றத்திலிருந்த மக்களுக்கு உணர்த்தியதைவிட அவர்களை அச்சுறுத்தியதே மிகுதி என்றும் எழுதினார். கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தின் டாரதி டேயும் உடைமை அழிப்பைக் குறித்துத் தயக்கம் கொண்டார். போரை ஆதரித்தவர்கள் கூறிய குறைகளோடு இவற்றை ஒன்றாக எண்ணக்கூடாது.

இனிப் பயனை நோக்குவோம். சீர்குலைக்கும் எதிர்ப்பினால் அமெரிக்க மக்கள் வெறுப்படைந்தனர் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1970 மே 4 அன்று கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவற்படையினர் சுட்டதில் மாணவர் நால்வர் இறந்தனர். அதற்குப்பின் நடந்த கருத்துக்கணிப்பில் 58 விழுக்காட்டினர் மாணவர்கள்மீதே பழிசுமத்தினர். காவற்படையினரைக் குறைகூறியவர்கள் 11 விழுக்காட்டினரே. கவனத்தை ஈர்க்கும் தீவிரச் செயல்களே பொதுமக்களின் ஆதரவைக் குறைக்கின்றன என்று ஃபைன்பெர்க், வில்லர் முதலியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வும் காட்டுகிறது.

ஆனால் கணக்கு இத்துடன் முடிவதில்லை. படை அனுப்பியது தவறு என்றோர் 1965 ஆகஸ்டில் 24 விழுக்காட்டினர். 1968 ஆகஸ்டில் 53. 1971 மே மாதத்தில் 61. போராடியவர்களை வெறுத்துக்கொண்டே மக்கள் போரையும் வெறுக்கத் தொடங்கினர். ஆகவே ‘இம்முறையால் போர் நின்றது’ என்பதும், ‘இம்முறையால் இயக்கம் கெட்டது’ என்பதும் இரண்டும் அளவுக்கு மிஞ்சிய கூற்றுகள். எவ்வகை எதிர்ப்பு அரசை உறுத்தியது என்பதற்கு ஒரு குறிப்பு உண்டு. 1969 அக்டோபர் 15 அன்று இலட்சக்கணக்கான சாதாரண மக்கள் ஆலயங்களிலும் கல்லூரிகளிலும் கூடி அமைதியாகப் போரைக் கண்டித்தனர். வட வியட்நாமுக்குத் தாம் விடுத்திருந்த மிரட்டலின் வலு இதனால் குன்றியதாக அதிபர் நிக்சனே பின்னர்த் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதினார். அதற்கு மாறாக, 1970 ஆகஸ்ட் 24 அன்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இராணுவ ஆராய்ச்சி மையத்தைத் தகர்க்கப் போர் எதிர்ப்பாளர் சிலர் வைத்த குண்டு, அம்மையத்தோடு தொடர்பில்லாத ஆராய்ச்சியாளர் ஒருவரின் உயிரைப் பறித்தது. கேட்டன்ஸ்வில்லை அக்குண்டோடு சமப்படுத்துவது அநீதி. ஆயினும் பொருளை அழிக்கும் செயல் பொருளோடு நின்றுவிடும் என்பதற்கு உறுதியில்லை என்பதை அது காட்டிற்று.

திருமறையில் தீர்க்கதரிசிகளின் அடையாளச் செயல்களைப் பெரிகன் சகோதரர்கள் தங்களுக்கு முன்மாதிரியாகக் கொண்டனர். நாமும் அங்கே சென்று பார்ப்போம். எரேமியா குயவனிடம் கலசத்தை வாங்கி, வாங்கிய அதனையே மூப்பர்களின் கண்முன் உடைக்கிறான் (எரே. 19). நுகத்தைச் செய்து தன் கழுத்தின்மேல் வைத்துக்கொள்ளுகிறான் (எரே. 27). அடுத்த அதிகாரத்தில் மற்றொருவனுக்குரிய பொருளைப் பிடுங்கி உடைப்பவன் ஒருவன் இருக்கிறான். அவன் கள்ளத் தீர்க்கதரிசியாகிய அனனியா. எரேமியாவோ பதிலுக்குக் கையோங்காமல் தன் வழியே போய்விடுகிறான். தீர்க்கதரிசியின் அடையாளம் முதலில் அவனுடைய சொந்த உடைமையிலும் சொந்த உடலிலும் விழுகிறது என்பதை மாணவர்கள் கவனிக்கவேண்டும்.

அப்படியாயின் ஆண்டவர் தேவாலயத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தது எங்ஙனம் என்று கேட்கலாம். தக்க கேள்வியே. அங்கே கவிழ்ந்தவை பிறருடைய பலகைகள்தாம். ஆகவே உடைமைக்கு ஊறு நேர்ந்தது என்பதை மட்டும் கொண்டு ஒரு செயலைத் தீயதென்று கூற நமக்கு உரிமை இல்லை. ஆனால் அதன்பின் அவர் மறைந்துபோகவில்லை. குருடரும் சப்பாணிகளும் அவ்விடத்தில் அவரிடம் வந்து சுகமடைந்தனர் (மத். 21:14); நாள்தோறும் அங்கேயே உபதேசித்தார்; தம் செயலின் விலையைத் தாமே செலுத்தினார். இவ்வளவுகோலால் அளந்தால், காவலர் வரும்வரை காத்து நின்ற ஒன்பதின்மரின் செயலுக்கு மதிப்பு உண்டு. 1970 ஏப்ரலில் சிறைக்குச் செல்லவேண்டிய வேளையில் பெரிகன் தலைமறைவாகி, ஆகஸ்ட் 11 அன்று பிடிபடும்வரை நான்கு மாதம் ஒளிந்திருந்தது அம்மதிப்பை மங்கச் செய்தது. அநீதியான போரை நடத்தும் அரசின் தண்டனைக்கு உடன்படத் தேவையில்லை என்பது அவர் வாதம். வாதம் கூர்மையானதே, ஆயினும் காத்து நின்றவனின் மௌனம் பேசிய அளவுக்கு அது பேசவில்லை என்பது நம் கருத்து.

இவ்வாறு கூறியபின், நம்மையும் கூண்டில் நிறுத்தவேண்டும். அமெரிக்கக் கத்தோலிக்கப் பேராயர்கள் 1966இல் தம் நாடு வியட்நாமில் இருப்பதை நியாயப்படுத்த இடமுண்டு என்று அறிவித்தனர். அப்போர் இனி நியாயமானதன்று என்று கூற 1971 நவம்பர்வரை அவர்களுக்குக் காலம் தேவைப்பட்டது. கோப்புகள் எரிந்து அப்போது மூன்றரை ஆண்டுகள் கடந்திருந்தன. மேய்ப்பர்கள் பேசவேண்டிய வேளையில் பேசியிருந்தால், ஒன்பதின்மர் நெருப்பைத் தேடியிருப்பார்களா? நியூஜெர்சி மாநிலத்தின் கேம்டனில் இதே வகைச் செயலுக்காக வழக்கிலகப்பட்ட 28 பேரின் விசாரணை 1973 மே மாதத்தில் விடுதலையில் முடிந்தது. அரசின் உளவாளியே அவர்களுக்குக் கருவிகள் கொடுத்து உதவியது தீர்ப்புக்கு ஒரு காரணம். அதனோடு, போரைக் குறித்து அவர்கள் மனந்திறந்து பேசியதைக் கேட்கும் செவிகள் அதற்குள் ஆயத்தமாயிருந்தன என்பதையும் மறுக்க இயலாது.

ஆகவே சீர்குலைக்கும் செயல் போர் எதிர்ப்புக்கு உதவுமா, ஊறு செய்யுமா என்னும் வினாவுக்கு ஒரே விடை இல்லை. அதன் சுமை யார்மேல் விழுகிறது, செய்தவர் அதன் விலையைச் செலுத்த நிற்கிறாரா, மேசையின் மறுபுறத்திலுள்ள எழுத்தர் அதைப் புரிந்துகொள்ள வழியுண்டா என்பவற்றைப் பொறுத்தே விடை அமையும். இவற்றைக் கொண்டு நம்முடைய வாலிபர்களின் ஆர்வத்தைச் சீர்தூக்கிப் பார்ப்பது போதகரின் பணி. ஆனால் போரைப்பற்றி ஒரு பிரசங்கமும் செய்யாத போதகர், போரை எதிர்ப்போரின் முறையைப்பற்றி மட்டும் பிரசங்கிக்க எழுந்தால், சபை அவருக்குச் செவிகொடாது. செவிகொடுக்கவேண்டிய கடமையும் அதற்கு இல்லை.