சிலேடையில் நிற்கும் நாடகம்

ஆஸ்கார் வைல்டு இயற்றிய 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' என்னும் இன்பியல் நாடகம் 1895 பிப்ரவரி 14ஆம் நாள் இலண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் அரங்கேறியது. இதனைப் பயிலும் மாணவர் சிலேடை, அங்கதம், முரண்நகை என்னும் கலைச்சொற்களை மனனம் செய்வதோடு நின்றுவிடுவதுண்டு. அவை ஒன்றையொன்று தாங்கி நிற்பதை உணர்தலே உண்மைப் பயிற்சியாகும்.

'எர்னஸ்ட்' என்பது ஆண்மகன் பெயர். அதே ஒலி 'வாய்மை நெஞ்சினன்' என்னும் பொருளும் தரும். இது சிலேடை. அப்பெயரைப் பொய்யாகப் புனைந்துகொள்வோர் இருவர். அப்பெயருக்காகவே காதல் கொள்ளும் மகளிர் இருவர். பண்பை விடுத்துப் பெயரைப் போற்றிய விக்டோரியா காலச் சமுதாயம் இங்கு நகைக்கப்படுகிறது. மணமகனின் வருவாயை வினவி நிறைவுற்ற பிராக்னெல் சீமாட்டி, அவன் புகைவண்டி நிலையத்தில் கைப்பையுள் கிடைத்த குழந்தை என்றறிந்ததும் மணத்தை மறுக்கிறாள். வைல்டு எவரையும் வெளிப்படையாகப் பழிக்கவில்லை. தொல்காப்பியர் வகுத்த இருவகை அங்கதத்துள் இது மறைபொருளாய் நிற்கும் வகையைச் சார்ந்தது.

இறுதியில் ஜாக்கின் இயற்பெயரே எர்னஸ்ட் எனத் தெரிகிறது. சொன்ன பொய் மெய்யாகிவிடுகிறது; இது முரண்நகை.

மொழிபெயர்ப்பில் 'எர்னஸ்ட்' என்றே எழுதினால் சிலேடை மறையும். அது மறையின் ஏனைய இரண்டும் சாயும். 'மெய்யப்பன்' என மாற்றினால் சிலேடை பிழைக்கும், இலண்டன் நழுவும். ஆதலின் ஆசிரியர் முதற்கண் விளக்கவேண்டுவது அப்பெயரையே. அது விளங்கின், மாணவர் நகைப்பர். நகைத்தபின் கலைச்சொற்கள் தாமே மனத்தில் தங்கும்.