எம்முக்குக் கீழே ஒரு மினாரா

கல்முனைப் பாடசாலை ஒன்றில் இரு மாணவர் ஆடிய ஸ்கிரபிள் ஆட்டத்தில், முடிவைத் தீர்மானித்த நகர்வு ஆறே புள்ளிக்கு ஆடப்பட்டது. அவர்களில் ஒரு தம்பியின் கையில் ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், ரி. இந்த விளையாட்டில் இதைவிட நல்ல கை அமைவது அரிது. "ரிடெயின்ஸ்" என்ற சொல்லை அவர் உடனே கண்டுவிட்டார். ஆனால் பலகையில் அதை வைக்க இடமில்லை. ஏற்கெனவே கிடந்த ஓர் "எம்"முக்குக் கீழே மட்டும் ஏழு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அவர் அங்கே ஐ, என், ரி மூன்றையும் இறக்கி "மின்ட்" என்று முடித்துக்கொண்டார்.

அதே எம், ஐ, என். அங்கே நிறுத்தாமல் ஏ, ஆர், ஈ, ரி, எஸ் என்று கீழே போயிருந்தால் "மினாரெட்ஸ்" வந்திருக்கும். எம்முக்கு 3, மற்ற ஏழுக்கும் ஒவ்வொன்று, ஆகப் 10. கையிலுள்ள ஏழு காய்களையும் ஒரே முறையில் வைத்ததற்கு 50. வண்ணக் கட்டங்களின் பெருக்கத்தைச் சேர்க்காமலே 60. ஆட்டம் முடிந்ததும் காட்டினேன். "தினமும் பாக்கிற மினாராதான் காக்கா, இங்க கண்ணுல படல்லயே" என்றார். எனக்கும் மனம் அடித்துக்கொண்டது.

தம்பிக்கு அந்தச் சொல் தெரியும், ஆகவே அறிவுக் குறை என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஏழு எழுத்தில் ஒரு சொல் கிடைத்ததும் அவர் மனம் அந்த ஏழுக்குள்ளேயே நின்றுவிட்டது. தேர்ந்த ஆட்டக்காரர் அந்த இடத்தில் வேறு கேள்வி கேட்பார்: இந்த ஏழும் உள்ளே இருக்கும் எட்டெழுத்துச் சொல் எது? பலகையில் திறந்து கிடக்கும் ஒவ்வோர் எழுத்தையும் கையோடு சேர்த்துப் பார்ப்பார். பீ இருந்தால் "பெயின்டர்ஸ்". ஜீ இருந்தால் "கிரனைட்ஸ்". ஓ இருந்தால் "நோட்டரீஸ்". எழுத்துக்களை அகர வரிசையில் அடுக்கி, அந்த அடுக்கையே ஒரு முகம்போல நினைவில் வைத்துக்கொள்வது அவர்களின் பயிற்சி. தனி ஏழிலேயே எட்டுக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. இந்தக் கையைப் பொன்னாகப் பார்ப்பது அதனால்தான்.

இது ஆங்கிலம் சரளமாகப் பேசும் கொழும்புப் பிள்ளைகளின் விளையாட்டு என்ற எண்ணம் எங்கள் கரையில் ஆழமாக வேரோடியிருக்கிறது. 2014இல் உலக இளையோர் ஸ்கிரபிள் போட்டி கொழும்பிலேயே நடந்தது. அதை ஏதோ வெளிநாட்டுச் செய்திபோலத்தான் நாங்கள் கடந்து போனோம். அந்த எண்ணம் பிழை என்பதற்கு நைஜல் ரிச்சர்ட்ஸ் போதும். நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் வாழும் அவர், 2015இல் பிரெஞ்சு ஸ்கிரபிள் உலகப் பட்டத்தை வென்றபோது அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சில வாரங்களில் சொற்பட்டியலை மனத்தில் ஏற்றிக்கொண்டு போனார். 2024இல் ஸ்பானிய மொழிப் பட்டத்தையும் அப்படியே எடுத்தார். பலகையில் வேலை செய்வது எழுத்துக்கண், நாக்கு அல்ல.

அந்த எழுத்துக்கண் எங்கள் பிள்ளைகளுக்குப் புதிதா? ஓதப் போகும் பிள்ளை ஐன், லாம், மீம் என்ற மூன்றெழுத்தை இல்மில் பார்க்கிறது, ஆலிமில் பார்க்கிறது, முஅல்லிமில், தஃலீமில், உலமாவில் பார்க்கிறது. சிறு வேர், அதைச் சுற்றி வளரும் நீண்ட சொற்கள். அறபில் வேரெழுத்தின் வரிசை மாறாது, ஸ்கிரபிளில் கலைந்துவிடும், வித்தியாசம் பெரியதுதான். ஆனாலும் நீண்ட சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் எழுத்துக்களைத் தேடும் பழக்கம் அங்கே ஏற்கெனவே விதைக்கப்பட்டிருக்கிறது. தமிழையே அறபெழுத்தில் எழுதிவைத்த முன்னோரின் பேரப்பிள்ளைகள் இவர்கள். பாடசாலையில் சிங்களமும் ஆங்கிலமும் சேர, நான்கு எழுத்து முறைகளோடு வளர்கிறார்கள். இதை நான் பெரும் பலமாகவே எண்ணுகிறேன்.

நீண்ட சொல் மட்டுமே வெற்றி என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. 2015இல் பேர்த் நகரில் ஆங்கில உலகப் பட்டத்தை வென்ற நைஜீரியர் வெலிங்டன் ஜிகெரே, இறுதியில் இங்கிலாந்தின் லூயிஸ் மக்கேயை 4-0 என்று சாய்த்தார். ஐந்தெழுத்துச் சொற்களில் கவனம் வைத்து ஆடுவது நைஜீரியர் வகுத்த உத்தி. நீண்ட சொல் எதிராளிக்கும் பலகையைத் திறந்துவிடும். குறுஞ்சொல் அதை அடைத்து, நல்ல எழுத்துக்களையும் கையில் மிச்சம் வைக்கும். ஆக, "மின்ட்" என்பது எல்லா நாளும் பிழையான ஆட்டமல்ல. அறுபது கண்ணுக்குத் தெரிந்தும் ஆறை எடுப்பது உத்தி. தம்பி எடுத்தது தெரியாமல் எடுத்த ஆறு.

பாடசாலைகளிடம் ஒன்று கேட்கிறேன். நூலகத்தில் ஒரு பலகை, ஒரு சொற்பட்டியல், ஆளுக்கு 25 நிமிடம் எண்ணும் ஒரு கடிகாரம், கிழமைக்கு ஒரு பின்னேரம். மஹ்ரிபுக்கு முன் இரண்டு ஆட்டம் ஆடி முடித்து வீட்டுக்குப் போய்விடலாம்.

தம்பிக்கு ஒரு கணக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வாசகர்களும் முயலலாம். கையில் அதே ஏழு எழுத்து, பலகையில் எம்முக்குப் பதிலாக "சீ". ஒன்றுக்கு மேற்பட்ட விடை உண்டு. அவற்றில் ஒன்று உங்கள் அடுப்படித் தட்டிலேயே இருக்கக்கூடும்.