பிறர் கையில் உடல்: முதுமை பற்றிய கிறிஸ்தவச் சிந்தனை

இரண்டாம் சாமுவேல் நூலின் 19ஆம் அதிகாரத்தில் பர்சிலா என்றொரு பெரியவர் வருகிறார். கிலேயாத்து நாட்டுச் செல்வந்தர். மகன் அப்சலோமின் கலகத்துக்குத் தப்பி ஓடிய தாவீதுக்கும் அவருடைய ஆட்களுக்கும் மகனாயீமில் படுக்கை, பாத்திரம், கோதுமை, பயறு, தேன், வெண்ணெய் என்று கொண்டுவந்து கொடுத்துக் காப்பாற்றியவர்களில் ஒருவர். கலகம் அடங்கியதும், எருசலேமுக்கு வந்து என்னோடு இருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தாவீது அழைக்கிறார். பெரியவர் மறுத்துவிடுகிறார். வயது எண்பது ஆகிவிட்டது, சாப்பாட்டில் ருசி தெரிவதில்லை, பாடுகிறவர்களின் பாட்டு காதில் விழுவதில்லை, இந்த நிலையில் அரசருக்குப் பாரமாக வந்து சேர்வானேன் என்று கேட்கிறார். உடல் தளர்வதை இப்படிப் பூசி மெழுகாமல் சொல்லும் இடங்கள் வேதத்தில் பல உண்டு. ஈசாக்குக்குக் கண் தெரியாமல் போகிறது. எத்தனை துணி போர்த்தினாலும் கிழ தாவீதுக்குக் குளிர் விடுவதில்லை. கை நடுங்கி, பல் உதிர்ந்து, பார்வை மங்குவதைப் பிரசங்கியின் 12ஆம் அதிகாரம் ஒரு வீடு பாழடைவதாக உருவகப்படுத்துகிறது. ஆனால் பர்சிலா எழுப்பிய கேள்வி இவை எல்லாவற்றையும்விடக் கூர்மையானது. பிறருக்குப் பாரமாகிவிடுவேனோ என்ற அந்த அச்சத்துக்குக் கிறிஸ்தவ மரபு என்ன பதில் வைத்திருக்கிறது? இரண்டு பதில்கள் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளன. இரண்டும் போதவில்லை என்பது என் கருத்து. மூன்றாவது ஒன்று மரபுக்குள்ளேயே இருக்கிறது. அதைத்தான் சபைகள் இன்று கையில் எடுக்க வேண்டும்.

முதல் பதில் பவுலிடமிருந்து வருகிறது. வெளி மனிதன் அழிந்தாலும் உள்ளான மனிதன் நாளுக்கு நாள் புதுப்பிக்கப்படுகிறான் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் அவர் வாதிடுகிறார். அடி வாங்கியும் துரத்தப்பட்டும் திரிந்த ஒரு மிஷனரி தன் உழைப்பின் தேய்மானத்தைப் பற்றிச் சொன்னது அது. பிற்காலப் பிரசங்கங்கள் அதை முதுமைக்கான பொது விதியாக்கின: உடல் தேயத் தேய ஆன்மா வளரும். இந்த விதி உடலை ஆன்மாவுக்கு எதிர்த்தட்டில் வைத்துவிடுகிறது. அகுஸ்தீனாரின் ‘கடவுளின் நகரம்’ 22ஆம் நூலில் இதன் நெருக்கடியைப் பார்க்கலாம். உயிர்த்தெழும்போது எல்லோரும் கிறிஸ்து எட்டிய ஏறக்குறைய முப்பது வயதின் முழுமையில் எழுவார்கள் என்று அவர் எண்ணுகிறார். கிழவராய்ச் செத்தவருக்கும் குழந்தையாய்ச் செத்தவருக்கும் அதே பருவம்தான். அக்குவினாவின் தோமையாரும் ஏறக்குறைய இதே வழியில் போகிறார். அப்படியானால் எழுபது வயது முகம் திருத்தப்பட வேண்டிய ஒரு பிழையா? அகுஸ்தீனாரே இதற்கு ஒரு திறவுகோலை விட்டுச் சென்றிருக்கிறார். இரத்த சாட்சிகளின் தழும்புகள் பரலோகத்திலும் இருக்கக்கூடும், அவை குறைபாடுகளல்ல, மேன்மையின் அடையாளங்கள் என்கிறார். அன்புக்காகப் பட்ட காயம் நிலைக்கலாமென்றால், அறுபது ஆண்டு உழைத்துக் காய்த்துப்போன கையும் கூனிய முதுகும் ஏன் நிலைக்கக் கூடாது? அந்த அடியை அவர் எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைத்திருந்தால் மேற்கத்திய கிறிஸ்தவம் முதிய உடலை வேறு கண்ணால் பார்த்திருக்கும்.

இரண்டாவது பதில், பயனுள்ள முதுமை. ஜான் வெஸ்லி 1788 ஜூன் 28 அன்று, தன் பிறந்தநாளில், நாட்குறிப்பில் தன் உடலைக் கணக்கெடுக்கிறார். ஓட்டமும் நடையும் முன்போல் இல்லை, இடக்கண் மங்கிவிட்டது, வலக்கண்ணில் தினமும் வலி, பெயர்களும் அண்மையில் நடந்தவையும் மறக்கின்றன. இவ்வளவும் நேர்மையாக எழுதிவிட்டு, பயணத்தில் களைப்பில்லை, பிரசங்கம் எழுதுவதில் குறையில்லை என்கிறார். அறுபது ஆண்டுகளாக விடிகாலை நான்கு மணிக்கு எழுந்ததையும் இதற்கான காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறார். மதிக்கத்தக்க வாழ்வுதான். ஆனால் இது இலட்சியமாக உறைந்துபோனபோது என்ன நடந்தது என்பதை வரலாற்றாசிரியர் தாமஸ் கோல் 1992இல் வெளிவந்த தன் நூலில் காட்டினார். பழைய பியூரிட்டன்கள் ஆன்ம வளர்ச்சியையும் உடல் சிதைவையும் ஒரே மூச்சில் பேசினார்கள். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் புராட்டஸ்டண்டுகள் முதுமையை இரண்டாகப் பிளந்தார்கள். ஒழுக்கமாக வாழ்ந்து கடைசிவரை திடமாக இருப்பவருக்கு நல்ல முதுமை, படுத்த படுக்கையானவருக்குக் கெட்ட முதுமை. ஓய்வு என்ற பேச்சே வேண்டாம் என்று இன்று முதியோருக்கு அறிவுரை சொல்லும் பக்தி நூல்கள் பலவும் இந்தப் பிளவின் வாரிசுகள்தான். பக்கவாதம் வந்தவருக்கு அவற்றில் ஒரு பக்கம்கூட இல்லை.

மூன்றாவது பதில் யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. இளமையில் நீயே இடைக்கச்சை கட்டிக்கொண்டு விரும்பிய இடத்துக்குப் போனாய், முதுமையில் கைகளை நீட்டுவாய், வேறொருவர் உனக்குக் கட்டிவிட்டு நீ விரும்பாத இடத்துக்குக் கூட்டிப்போவார் என்ற பொருளில் இயேசு பேதுருவிடம் பேசுகிறார். நற்செய்தியாளர் இதைப் பேதுருவின் சாவு பற்றிய முன்னறிவிப்பு என்று விளக்கினாலும், உருவகம் எடுக்கப்பட்டது கிழவருக்குத் துணி உடுத்திவிடும் அன்றாடக் காட்சியிலிருந்துதான். அடுத்த வார்த்தை, என்னைப் பின்பற்று என்பது. பிறர் உடுத்திவிட நிற்பதும் சீடத்துவமே என்பதாக நான் இதைப் படிக்கிறேன். ஆங்கிலிக்கன் குரு வான்ஸ்டோன் 1982இல் எழுதிய நூல் இதற்குத் துணை நிற்கிறது. கைது செய்யப்படும் வரை இயேசு செயல்படுகிறார்; அதன்பின் மற்றவர்கள்தான் எல்லாவற்றையும் அவருக்குச் செய்கிறார்கள். அவருடைய மகிமை அந்த இரண்டாம் பாதியில்தான் வெளிப்படுகிறது என்றால், நோயாளியும் முதியவரும் மனித நிலையிலிருந்து சரிந்துவிட்டவர்கள் ஆகமாட்டார்கள்.

திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் இதற்கு ஒரு வாழ்க்கைச் சான்று உண்டு. நூற்றுக்கணக்கான குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931இல் களக்காட்டில் இருட்டில் ஒரு குழிக்குள் விழுந்தார். 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே வாழ்ந்தார். நோயாளிகளுக்கான நூல்கள் பலவும் நலமாயிருப்பவர்கள் எழுதியவை என்று அவருக்கு மனக்குறை. அதனால் படுக்கையிலிருந்தே எழுதினார். வாழ்க்கை வரலாறுகள் அந்தப் புத்தகங்களைத்தான் பெரிதாகப் பேசுகின்றன, அதாவது மறுபடியும் பயனை. எனக்கோ, அவர் தூக்கி வளர்த்த பெண்களே அவரைப் பராமரித்த அந்த ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அதே அளவு கனமுள்ளவையாகத் தெரிகின்றன.

அப்படியானால் முதியவர் பதவியைப் பிடித்துக்கொண்டே சாக வேண்டுமா என்று கேட்கலாம். கத்தோலிக்கத் திருச்சபை இதற்கு இரண்டு விதமாக நடந்து காட்டியிருக்கிறது. 2005 உயிர்ப்பு ஞாயிறன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஜன்னலருகே வந்து, பேச முயன்று, குரல் எழாமல், கையசைவால் ஆசீர்வதித்தார். பதினாறாம் பெனடிக்ட் 2013 பிப்ரவரி 11 அன்று, தன் 85ஆம் வயதில், வலு போய்விட்டதென்று சொல்லிப் பதவி விலகுவதாக அறிவித்தார். முன்னவர் வீரர், பின்னவர் கோழை என்ற பேச்சு அப்போது எழுந்தது. அது தவறு. தளர்ச்சியை மறைக்காமல் உலகத்தின் முன் வைத்தது இருவருக்கும் பொது. இயலாமையை ஒப்புக்கொண்டு பொறுப்பை இன்னொருவர் கையில் கொடுப்பதும், பேதுருவுக்குச் சொல்லப்பட்ட அந்தக் கைநீட்டலின் ஒரு வடிவம்தான்.

இந்த மூன்று பதில்களுக்கும் கடினமான சோதனை மறதிநோய். விசுவாசம் என்பது நினைவும் தீர்மானமும் என்றால், இரண்டையும் இழந்தவருக்கு என்ன மிஞ்சும்? தாயின் அல்சைமரைக் கண்ட டேவிட் கெக் 1996இல் அதை இறையியல் நோய் என்றே அழைத்தார். மனநல செவிலியராக இருந்து பேராசிரியரான ஜான் ஸ்விண்டன், நாம் யார் என்பது நம் நினைவில் இல்லை, கடவுளின் நினைவில் இருக்கிறது என்று 2012இல் பதில் சொன்னார். நிரூபிக்க முடியாத ஆறுதல் இது என்று ஒருவர் தள்ளிவிடலாம். ஆனால் ஸ்விண்டனின் வாதம் அங்கே நிற்பதில்லை. கடவுள் நினைத்திருப்பதைச் சபை உடலால் காட்ட வேண்டும்: போய்ப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிள்ளைகளின் பெயரை மறந்தவரும் பழகிய கீர்த்தனை தொடங்கியதும் வாயசைப்பதைப் பராமரிப்பவர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். அந்தப் பாட்டை அவருக்காக எடுத்துக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

பெரிய ஆட்சேபம் இனிமேல்தான். முதியவரைச் சாந்தமும் ஞானமும் நிறைந்தவராகப் பீடத்தில் ஏற்றுவது, அவருடைய வறுமையைப் பார்க்காமலிருக்கச் சமுதாயம் செய்யும் தந்திரம் என்று சிமோன் த பொவ்வார் 1970இல் குற்றம் சாட்டினார். சார்ந்திருப்பதைப் புகழும் இறையியலும் இதில் மாட்டிக்கொள்ளும். யாரைச் சார்ந்து? பெரும்பாலும் மகளை, மருமகளை, குறைந்த கூலிக்கு வரும் பணிப்பெண்ணை. இந்தக் குற்றச்சாட்டை நான் முழுக்க ஏற்கிறேன். மரபும் தன் நல்ல நாட்களில் இதை அறிந்தே இருந்தது. தீமோத்தேயுவுக்கான முதல் நிருபம் விதவைகளைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் முதலில் வைக்கிறது. அறுபது வயது கடந்த விதவைகளுக்குச் சபையில் ஒரு பட்டியலே இருந்தது. ஆறாம் நூற்றாண்டு ஜஸ்டினியன் சட்டங்களில் முதியோர் இல்லம் தனி நிறுவனமாகவே இடம்பெறுகிறது. புனித பெனடிக்டின் துறவற விதியின் 37ஆம் அதிகாரம், உணவு விதியைக் கிழவர்களுக்குத் தளர்த்தி, நேரத்துக்கு முன்பே சாப்பிட விடுகிறது. 1839இல் பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் ஜான் ஜுகான் என்ற பெண்மணி, பார்வையற்ற முடக்குவாத விதவை ஒருத்தியைத் தன் கட்டிலில் படுக்கவைத்துவிட்டுத் தான் பரணுக்குப் போனார். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை அதிலிருந்து பிறந்தது. 1882இல் கல்கத்தாவுக்கும் வந்தது.

ஆகவே சார்ந்திருப்பது அழைப்பு என்று பிரசங்கிக்கும் சபையிடம் சில கேள்விகளைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. இந்தப் பாட்டியை வாரம் எத்தனை பேர் மாறிமாறிக் குளிப்பாட்டுகிறீர்கள்? இரவில் கண் விழிக்கும் மருமகளுக்கு ஓய்வு கொடுக்க யாரை அனுப்புகிறீர்கள்? உங்கள் முதியோர் இல்லத்தில் மலஜலம் எடுக்கும் பெண்ணுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு? அவருக்கு வயதாகும்போது அதே இல்லத்தில் ஒரு கட்டில் இருக்குமா?