இரவல் குரலும் சொந்த நடனமும்

திரையில் ஸிட் சாரிஸ் அம்மையாரின் வாய் அசையும், பாட்டு வேறொருவருடையது. இதை மறைக்க வேண்டுவதில்லை. 1953-ல் வந்த 'தி பாண்ட் வாகன்' படத்தில் இந்தியா ஆடம்ஸும், 1957-ல் வந்த 'ஸில்க் ஸ்டாக்கிங்ஸ்' படத்தில் காரல் ரிச்சர்ட்ஸும் அவருக்குக் குரல் கொடுத்தனர்.

டெக்ஸஸ் மாகாணத்தில் 1922-ல் பிறந்த இவர், இளம்பிள்ளை வாதத்தால் நலிந்த உடல் வலுப்பெறும் பொருட்டே சிறுவயதில் பாலே நடனம் பயிலப் புகுந்தார். 1952-ல் 'ஸிங்கிங் இன் தி ரெயின்' படத்தில் பச்சை உடையில், ஒரு சொல்லும் பேசாது ஆடிப் பெயர் பெற்றார். அன்றுமுதல் அவர் கால்களின் அழகையே விளம்பரக்காரர் பறைசாற்றலாயினர். கலையைக் கண்டவர் சிலரே.

அக்கலைக்குச் சான்று 'ஸில்க் ஸ்டாக்கிங்ஸ்' என்பது நமது துணிபு. கதை பழையது, 1939-ல் கிரேட்டா கார்போ 'நினோச்கா'வில் நடித்ததே. சோவியத் அதிகாரியான பெண்ணொருத்தி பாரிஸ் நகரின் பகட்டிலும் காதலிலும் மனம் மாறுகிறாள். பட்டுக் காலுறைக்காகக் கொள்கையைத் துறப்பவள் பெண் என்று ஏளனம் செய்வதே கதாசிரியர் நோக்கம் போலும்! அவ்விழிவைத் துடைத்தது நடனமே. தனியறையில், ஒளித்துவைத்த உடைகளை ஒவ்வொன்றாய் எடுத்து அணிந்து அவர் ஆடுவது எவரையும் மயக்குவதற்கன்று. (காமிரா பார்க்கிறதே என்பீர்கள், மெய்தான்.) தனக்கென ஒன்றை விரும்பத் துணிந்தவளின் அச்சமும் களிப்பும் அவ்வசைவுகளில் தெரிகின்றன. அங்கே வசனமில்லை, இரவல் குரலுமில்லை.

அதன்பின் ஹாலிவுட்டில் இசைப்படங்கள் அருகின. அமெரிக்க அரசின் தேசியக் கலைப் பதக்கம் 2006-ல்தான் அவருக்குக் கிடைத்தது, 2008-ல் காலமானார்.