போர்ஷே 959 – ஃபெராரி எஃப்40: ஒப்பீடு

ஜெர்மனியின் போர்ஷே 959 (1986), இத்தாலியின் ஃபெராரி எஃப்40 (1987) ஆகிய இரண்டும் 1980களின் மிக வேகமான சாலைக் கார்களில் அடங்குபவை. இவற்றை ஒப்பிடுவோர் பலரும் 959-ஐ அறிவின் கார் என்றும், எஃப்40-ஐ உணர்ச்சியின் கார் என்றும் பிரித்துவிடுகின்றனர். சொல்வதற்கு எளிய பிரிவினைதான். ஆனால் எஃப்40-இன் பொறியியல் அதில் மறைந்துபோகிறது.

இரண்டுக்கும் மூலம் ஒன்றே. 200 கார்களைத் தயாரித்தால் பந்தயத்தில் சேரலாம் என்ற 'குரூப் பி' விதிக்காகவே இரு நிறுவனங்களும் உழைத்தன. உயிர்ப்பலிகள் நேர்ந்த 1986-ஆம் ஆண்டுடன் அப்பிரிவு கைவிடப்பட்டது. அதே ஆண்டு 959 பாரிஸ்–டக்கார் பாலைவனப் பந்தயத்தில் முதலிரண்டு இடங்களையும் பிடித்திருந்தது. ஃபெராரியின் பந்தய முயற்சியான 288 ஜிடிஓ எவலூசியோனே ஓடக் களமின்றி நின்றது. அதிலிருந்தே எஃப்40 பிறந்தது. என்ஸோ ஃபெராரி தம் வாழ்நாளில் அறிமுகம் செய்த கடைசி புதிய மாதிரி இதுவே. மறு ஆண்டு அவர் காலமானார்.

959-இன் எஞ்சின் 2,849 கன செ.மீ., ஆறு சிலிண்டர், 450 குதிரைத்திறன். எஃப்40-இல் 2,936 கன செ.மீ., எட்டு சிலிண்டர், 478 குதிரைத்திறன். இரண்டிலும் இரண்டு டர்போக்கள். வேறுபாடு அவை வேலை செய்யும் முறையில்தான் உள்ளது. 959-இல் குறைந்த சுழற்சியில் ஒரு டர்போ மட்டும் இயங்கும். சுழற்சி கூடியபின் இரண்டாவது சேரும். அதனால் விசை படிப்படியாக ஏறுகிறது. எஃப்40-இல் இரண்டும் சேர்ந்தே இயங்குவதால், சற்று நேரம் மந்தமாக இருந்து பின் திடீரெனப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் முழுவதும் பின்சக்கரங்கள் இரண்டுக்கே போகிறது. ஏபிஎஸ் இல்லை, பவர் ஸ்டீயரிங் இல்லை. உள்ளே கதவைத் திறக்க ஒரு கயிறுதான்.

இதைப் பழமை என்று கொள்வது தவறு. கார்பன் இழை, கெவ்லர் ஆகியவற்றால் ஆன உடலைக் கொண்ட எஃப்40-இன் எடை ஏறத்தாழ 1,100 கிலோ. 959 சுமார் 1,450 கிலோ. எடையைக் குறைப்பதும் பொறியியலே.

959-இன் கணினி நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிடுகிறது. கார் தரையிலிருந்து நிற்கும் உயரம் வேகத்திற்கேற்ப மாறுகிறது. டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும் உண்டு. இவ்வளவும் 1986-இல்! ஒவ்வொரு காரும் அடக்கவிலைக்கும் குறைவாகவே விற்கப்பட்டதாகப் பரவலாகக் கூறப்படுவதில் வியப்பில்லை. மோதல் சோதனைக்கு போர்ஷே கார்களைத் தராததால் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைக்கவில்லை. பில் கேட்ஸ் வாங்கிய 959 பல ஆண்டுகள் சுங்கத்துறையின் பிடியில் கிடந்தது.

அருமை என்று பார்த்தால் முந்நூற்றுச் சொச்சமே செய்யப்பட்ட 959 முன்னே நிற்கிறது. எஃப்40 சுமார் 400 என்று தொடங்கி 1,300-ஐத் தாண்டியது. இருந்தும் ஏலங்களில் எஃப்40-க்கே பொதுவாகக் கூடுதல் விலை. ஓட்டுநரின் கைத்திறனை முழுமையாக நம்பும் கார் அது. வாங்குவோர் அந்த நம்பிக்கைக்கே விலை தருகின்றனர் எனலாம்.

ஆனால் ஒரு காரின் தகுதியை ஏல விலையைக் கொண்டு மட்டும் அளந்தால் போதாது. அதன் வழித்தோன்றல்களையும் பார்க்க வேண்டும். அந்த அளவில் 959-ஏ பெரிய சாதனை. இரட்டை டர்போவும் நான்கு சக்கர இயக்கமும் 1995-இல் போர்ஷே 911 டர்போவில் இடம்பெற்றன. டயர் அழுத்தக் கண்காணிப்பு இன்று நடுத்தரக் குடும்பத்தின் காரிலும் இருக்கிறது. எஃப்40-க்கு அடுத்து வந்த எஃப்50-இலோ டர்போவே இல்லை. ஃபெராரி மீண்டும் டர்போ பொருத்திய சாலைக் காரை விற்றது 2014-இல், கலிபோர்னியா டி வந்தபோதுதான்.