பத்திரம் விழுங்கிய நிலம்
(பகீர் மோகன் சேனாபதியின் நாவலை முன்வைத்து)

ஒடிசாவில் குடியேறிய நம்மில் பலருக்கு பகீர் மோகன் சேனாபதி என்றால் பாலேஸ்வரில் உள்ள ஒரு கல்லூரியின் பெயர், அவ்வளவுதான். அவருடைய 'ச மாண ஆட்ட குண்ட' நாவலை நானும் ரொம்பத் தாமதமாகத்தான் படித்தேன். 1897 முதல் 'உத்கல சாகித்ய' இதழில் தொடராக வந்து, 1902இல் நூலானது. 25 குண்ட சேர்ந்தால் ஒரு மாண. நம் கணக்கில் சுமார் ஒரு ஏக்கர். ஆக, 'ஆறு மாண, எட்டு குண்ட' என்ற தலைப்பே பத்திரத்தில் எழுதும் நில அளவுதான்.

கோவிந்தபூர் ஜமீன்தார் ராமசந்திர மங்கராஜுக்கு, நெசவாளி பகியாவின் அந்த நிலத்தின் மேல் கண். பகியாவின் மனைவி சாரியாவுக்குப் பிள்ளையில்லை. ஜமீன் வீட்டு வேலைக்காரி சம்பா அந்த ஏக்கத்தைப் பிடித்துக்கொள்கிறாள்: அம்மனுக்குக் கோயில் கட்டு, பிள்ளை பிறக்கும்! பணத்துக்கு நிலம் அடமானம். அப்புறமென்ன, நிலம் போயிற்று. நேதா என்ற பசுவும் போயிற்று. சாரியா சாகிறாள், பகியாவுக்குப் புத்தி பேதலிக்கிறது.

பேராசை பிடித்தவன் கெட்டான் என்று இதைத் திண்ணைக் கதையாகப் படிப்பவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். வழக்கு நடக்கும் பகுதியைப் பாருங்கள். சாரியாவைக் கொன்றதாக மங்கராஜ் மீது சாட்டிய குற்றம் நிற்கவில்லை. பசுவைப் பறித்ததற்குத்தான் சிறை. நிலத்தைப் பற்றிக் கோர்ட்டுக்குப் பேச்சே இல்லை; அதற்குத்தான் பத்திரம் இருக்கிறதே! வழக்குச் செலவுக்காக மங்கராஜ் ஜமீனை வக்கீல் ராம் ராம் லாலாவுக்கு எழுதிக் கொடுக்கிறார். மேதினிபூர் தில்தார் மியானுக்குக் கடன் கொடுத்தே மங்கராஜ் அந்த ஜமீனைச் சம்பாதித்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மியான், மங்கராஜ், வக்கீல் என்று கை மாறுகிறது. உழுதவன் பெயர் அதில் எங்கும் இல்லை.

இது வெறும் கற்பனையல்ல. 1793இல் காரன்வாலிஸ் வங்கத்தில் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டம், வரி வசூலித்துக் கொடுத்தவரையே நிலத்தின் சொந்தக்காரர் ஆக்கியது. கெடு நாளில் பொழுது சாய்வதற்குள் வரி கட்டாவிட்டால் ஜமீன் ஏலம். கரையோர ஒடிசா 1803இல்தான் கம்பெனி கைக்கு வந்தது. அங்கே நிரந்தரத் திட்டம் இல்லை. ஆனால் ஏலம் மட்டும் வந்துவிட்டது! எத்தனையோ ஒடியா ஜமீன்கள் கல்கத்தாவில் ஏலம் போயின. சமஸ்தானங்களில் திவானாக இருந்த சேனாபதிக்கு இந்தக் காகித வித்தையெல்லாம் உள்ளிருந்தே தெரியும். ஜமீன் முறையை ஒழிக்க இங்கே 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். மங்கராஜுக்குக் கடைசியில் கொஞ்சம் இரக்கம் காட்டுகிற ஆசிரியர், சம்பாவுக்கு அதில் துளியும் தரவில்லை. கூடவே ஓடிய நாவிதன் கையாலேயே அவள் சாகிறாள். பகியாவும் சாரியாவும் அழுகிறார்களே தவிர, வாய் திறந்து நாலு வார்த்தை பேசக் கேட்டோமா? ஊரார் வம்பைக்கூட ரசித்து ரசித்து எழுதும் அந்தக் கிண்டல் பேனா, இவர்களிடம் வரும்போது தயங்குகிறது.

ஆங்கில மொழிபெயர்ப்பு 2005இல் வெளிவந்தது. பள்ளியில் ஒடியா படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளோ மூலத்திலேயே படித்து நமக்குச் சொல்லலாம்.