முன்சோதனைக்கு எந்தக் கருவி?

மின்காந்த இடையீட்டு முன்சோதனை என்பது, ஒரு சாதனத்தை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுகூடத்துக்கு அனுப்புமுன் அதன் மின்னிரைச்சலைப் பட்டறையிலேயே அளந்து பார்ப்பதாகும். இலங்கையில், கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடைப்பட்ட ஆரையம்பதி போன்ற ஊரில் எல்இடி விளக்கோ சூரியமின் சார்ஜரோ வடிவமைப்பவருக்கு இதன் பயன் பெரிது. சென்னைத் தரமணியில் உள்ள சமீர் மின்காந்தவியல் மையம் போன்ற ஆய்வுகூடங்கள் கடல் கடந்து இருக்கின்றன. தோற்றுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் பணமும் நாளும் வீணாகும். ஆனால் கருவியின் விலை முன்சோதனையின் தரத்தைத் தீர்மானிப்பதில்லை. கருவி காட்டும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே தீர்மானிக்கிறது.

மின்காந்த இடையீட்டு எல்லைகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான, 1934இல் உருவான சிஸ்பரின் நியமங்கள் அளவீட்டைப் பொதுவாக இரண்டாகப் பிரிக்கின்றன. மின்கம்பி வழியே வெளியேறும் இரைச்சல் 150 கிலோஹேர்ட்ஸ் முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரை, 9 கிலோஹேர்ட்ஸ் பட்டையகலத்தில் அளக்கப்படுகிறது. வெளியில் பரவும் கதிர்வீச்சு 30 முதல் 1000 மெகாஹேர்ட்ஸ் வரை, 120 கிலோஹேர்ட்ஸ் பட்டையகலத்தில் அளக்கப்படுகிறது.

முன்சோதனையின் வலிமை முதற்பகுதியில் இருக்கிறது. லிஸ்ன் எனப்படும் வலைப்பின்னல் மின்வழங்கலின் மின்மறுப்பை எங்கும் ஒரே சீராக்குவதால், ஊர்ப் பட்டறையின் அளவும் ஆய்வுகூடத்தின் அளவும் பெரிதும் ஒத்துவரும். உச்ச அளவு, துடிப்புகள் திரும்ப வரும் வேகத்துக்கேற்ப எடையிடும் குவாசி பீக் அளவுக்கு எப்போதும் குறையாது. ஆகவே உச்சம் குவாசி பீக், சராசரி ஆகிய இரு எல்லைகளுக்குள்ளும் நின்றால், குவாசி பீக் வசதியற்ற மலிவு ஸ்பெக்ட்ரம் அனலைசரே போதும்.

இங்கும் சில குறைகள் உண்டு. லிஸ்னுக்குள் இருக்கும் சுமார் 12 மைக்ரோபரட் கொள்ளளவிகள் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் ஏறக்குறைய 0.87 அம்பியரைப் புவிக்குச் செலுத்தும். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் உடனே விழும். புவியிணைப்பு அறுந்தால் லிஸ்னின் உலோக உடலே உயிராபத்தாகும். எனவே தனிமைப்படுத்தும் மின்மாற்றியையும் உறுதியான புவியிணைப்பையும் கருவிச் செலவில் முதலிலேயே சேர்க்க வேண்டும். சாதனத்தைச் செருகும்போது எழும் மின்வீச்சு அனலைசரின் உள்ளீட்டை எரிக்கக்கூடும். இதைத் தடுக்க வரம்பி தேவை. மலிவு அனலைசரில் முன்வடிகட்டி இராததால் துடிப்பிரைச்சல் அதைத் திணறடிக்கும். 10 டெசிபல் தணிப்பியைச் சேர்த்து, அதன் இழப்பைக் கணக்கில் கூட்டிய பிறகும் அளவு மாறினால், முந்திய அளவு பொய்யாகும்.

கதிர்வீச்சு அளவீடு இதைவிடப் பலவீனமானது. 30 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 10 மீட்டர். அத்தகைய அலைகள் சுவரிலும் தகரக் கூரையிலும் எதிரொலித்து அறைக்குள் அளவைக் குலைக்கும். திறந்த கடற்கரை வெளியிலோ எப்எம் ஒலிபரப்பு 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை சாதனத்தின் இரைச்சலை மறைத்துவிடும். அண்மைப்புல ஆய்வுமுனை இரைச்சலின் பிறப்பிடத்தைக் காட்டும், எல்லையோடு ஒப்பிடத்தக்க எண்ணைத் தராது. இந்த இடத்தில் கேபிளைச் சுற்றி மாட்டும் உயரதிர்வெண் மின்னோட்டக் கவ்வி கைகொடுக்கிறது. 50 மெகாஹேர்ட்ஸில் 1 மீட்டர் கேபிளில் ஓடும் 5 மைக்ரோஅம்பியர் பொதுமுறை மின்னோட்டமே (எல்லாக் கம்பிகளிலும் ஒரே திசையில் ஓடுவது), வீட்டுச் சாதனங்களுக்கான 3 மீட்டர் எல்லையை எட்டப் போதும்.

ஆகவே லிஸ்ன், மின்மாற்றி, வரம்பி ஆகியவற்றை முதலிலும், உரிய பட்டையகலங்கள் கொண்ட அனலைசரை அடுத்தும், கவ்வியையும் ஆய்வுமுனையையும் அதன் பிறகும், அன்ரெனாவைக் கடைசியிலும் வாங்குவதே சரியான வரிசை. கம்பிவழி அளவீட்டில் ஆய்வுகூடத்துக்கே 3.4 டெசிபல் நிச்சயமின்மையைச் சிஸ்பர் கணக்கில் எடுக்கிறது. ஆகவே பட்டறை எல்லைக்குக் கீழே குறைந்தது 6 டெசிபல் இடைவெளி விட வேண்டும். ஆய்வுகூடத்தில் அளந்த ஒரு மாதிரியைப் பட்டறையில் வைத்து அடிக்கடி ஒப்பிட்டால், அந்த இடைவெளி ஊகமாக இராமல் ஆதாரம் பெறும்.